இடிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்: தி. நகர்த் தெருக்களுக்காக ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தி. நகரில் ஒரு பழைய தனி வீட்டை இடிக்க அனுமதி கொடுக்கும் முன்னால், அந்த வீட்டையும் அது இருக்கும் தெருவையும் முறையாகப் படம் எடுத்துப் பொது ஆவணத்தில் சேர்க்க வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். இதுதான் என் கோரிக்கை. இடிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை ஒழுகினால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே இன்று பெரும்பாடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எண்பது வயதில் அத்தனை பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியாமல் பில்டரிடம் கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் தி. நகர் தானாக வளர்ந்த பேட்டை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். 1915-இல் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் எச்.வி. லான்செஸ்டர் இந்த ஊரை ஆராய்ந்து 1918-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவில் சாலைகள் வந்து கூடும்படி இந்தப் பேட்டையை அமைத்தார்கள். தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், உஸ்மான் என்று நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களையே ஊருக்கும் பூங்காக்களுக்கும் சாலைகளுக்கும் சூட்டினார்கள். லண்டனில் 1907-இல் தொடங்கிய ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகருக்குப் பின்னால் இருந்த எண்ணம்தான் இங்கேயும்: வீடு, சுற்றிலும் தோட்டம், வாசலில் மரம், அளவான தெரு, நடக்கிற தூரத்தில் பூங்கா, எல்லாம் ஒரே திட்டம்.

அதனால்தான் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் மட்டும் இங்கே போதாது என்கிறேன். பட்டியல் ஒரு கட்டடத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கும். திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த வீடு எப்படிப்பட்ட தெருவில் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அக்கம்பக்கத்துச் சாதாரண வீடுகள்தான். அவற்றில் எந்தத் தலைவரும் வாழவில்லை, எந்தப் பட்டியலிலும் அவை ஏறப்போவதில்லை.

அந்தச் சாதாரண வீடுகளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வளைந்து திரும்பும் பால்கனி, ஜன்னல்களுக்கு மேல் ஒரே கோடாக ஓடும் சன்ஷேடு, உதிக்கும் சூரியனைப் போல இரும்பை வளைத்துச் செய்த கிரில், சிவப்பு ஆக்சைடு தரை. கேட் தூணில் சிமென்டிலேயே வார்த்த வீட்டுப் பெயர். அதில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போட்ட ‘லை’. இப்படி எழுதிய தூண்களைத் தேடி நான் தெருத் தெருவாக நடக்கிறேன். அடுத்த முறை போகும்போது தூண் இருந்த இடத்தில் தகர வேலி நிற்கும்.

அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. பல பழைய வீடுகளில் வாசல் படி பாதி புதைந்திருக்கிறது. சுரண்டாமல் மேலே மேலே போட்ட தார், ரோட்டை உயர்த்தி வீட்டைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. ஏரி இருந்த நிலத்தில் இது சின்ன விஷயமா? பழைய வீட்டின் அடித்தள உயரம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுத்த படம் உங்கள் மழைநீர் வடிகால் பொறியாளர்களுக்கே நாளைக்குச் சான்றாகும். வீட்டை இடித்த பிறகு அந்தக் கணக்கை எங்கே போய்த் தேடுவது?

படம் எடுக்கும் முறையையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். முகப்பை மட்டும் எடுத்தால் போதாது. தெருவின் இரண்டு பக்கத்தையும், ஒரு படம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிற மாதிரி, மரங்களோடும் காம்பவுண்டு சுவரோடும் எடுக்க வேண்டும். ஞாயிறு காலை, கார்கள் வந்து அடைப்பதற்கு முன்னால் எடுத்தால் தெரு முழுசாகத் தெரியும். ஆட்களின் முகம், வண்டி எண் வேண்டாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் உள்ளே. கட்டடக்கலை மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம், ஆனால் கையில் மாநகராட்சியின் கடிதம் இருக்க வேண்டும். கேமராவைத் தூக்கினாலே “எதுக்கு சார் படம் எடுக்கிறீங்க, இடம் விலைக்கு வருதா?” என்று வாட்ச்மேன் கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் புரோக்கர்களாக இருக்கும் தெருவில் அவர் வேறு என்ன நினைப்பார்?

அப்புறம், எடுத்த படங்கள் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் முடங்கிவிடக் கூடாது. தெருப் பெயர், கதவு எண், தேதியோடு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி போகட்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கட்டும். குடியிருப்போரிடம் பழைய ஆல்பங்களையும் கேளுங்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் போர்டிகோ முழுதாக நிற்கும்.

விதி வருவதற்கு நாளாகும் என்றால், பசுல்லா சாலையையும் தணிகாசலம் சாலையையும் மட்டுமாவது இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தி. நகர்வாசி ஒருவர்