பிரித்த குப்பையைக் கலக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திடக்கழிவு மேலாண்மை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இனி மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே வண்டியில் ஏறும் என்ற உங்கள் உத்தரவைப் பார்த்தோம். வீடுகளில் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் கலக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தண்ணீரும் குளிர்பானமும் வரும் பெட் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பாட்டிலை அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1, அவற்றின் அடர்த்தி அதைவிடக் குறைவு. பெட் 1.38 என்பதால் மூழ்கும். இடையே கலந்து வரும் பிவிசி (குழாய் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டிலும் ஏறக்குறைய அதே அடர்த்திதான், கூடவே மூழ்கிவிடும். தண்ணீரால் பிரிக்க முடியாத இந்த ஒன்றை அரைப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெட் பாட்டிலின் அடியில் நடுவே சிறு புள்ளி இருக்கும். பிவிசியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். மடக்கினால் மடிப்பு வெளுக்கும்.

சாம்பாரும் எண்ணெயும் அப்பிய பாட்டிலில் அந்தப் புள்ளியும் தெரியாது, கோடும் தெரியாது. தப்பிப்போகும் பிவிசி, பெட் உருகும் 250 டிகிரிக்கு வெகுமுன்பே சிதைந்து அமில வாயுவைக் கக்கும். பெட்டின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து பொருள் மஞ்சளிக்கும், கரும்புள்ளி விழும், இயந்திரம் அரித்துப்போகும். 10 டன்னில் ஒரு கிலோ பிவிசி போதும், தரம் கெட்டுவிடும். நூலாக விற்க வேண்டியது அடிமாட்டு விலைக்குப் போகும். இந்தத் தொழிலின் லாபமே இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஐயா.

உரத்துக்கும் இதே கதிதான். கண்ணாடித் துண்டும் பேட்டரியும் கிடக்கும் உரத்தை எந்த விவசாயி வாங்குவார்? பிரிக்கும் பெல்ட்டில் நிற்பவர்களின் கையில் ஊசி குத்துகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? கொட்டகைக்கும் இயந்திரத்துக்கும் நிதி ஒதுக்கிவிட்டு, வண்டியில் ஒரு தடுப்பு வைக்க முடியாது என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். கூடுதல் வண்டி கேட்கவில்லை. மக்காத குப்பை அழுகாது. வாரம் இரண்டு நாள் எடுத்தால் போதும். மற்ற நாட்களில் அதே வண்டி மக்கும் குப்பையை மட்டும் எடுக்கட்டும். நாப்கின், ஊசி, மருந்துக் கழிவுக்குத் தனிப் பை வேண்டும். அந்த உத்தரவைத் திரும்பப் பெற்று, பிரித்த குப்பையைப் பிரித்தபடியே எங்களிடம் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மறுசுழற்சித் தொழில் செய்வோர்