உறைய வைப்பது எளிது, உருக்குவதுதான் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிக் கதை என்றாலே கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்துவிடுகிறது. பயணி படுக்கிறார், மூடி விழுகிறது, நூறாண்டு கழித்து எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். படுக்க வைக்க இரண்டு பக்கம் எழுதுபவர்கள், எழுப்புவதை ஒரு பொத்தானில் முடித்துவிடுகிறார்கள். சிக்கல் முழுவதும் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். உடலைச் சில டிகிரி குளிர்வித்து அதன் ஆற்றல் செலவைக் குறைப்பது ஒன்று. உறைய வைத்து உயிர்வினைகளையே நிறுத்துவது வேறொன்று. இரண்டையும் சேர்த்து 'அறிதுயில்' என்று எழுதிவிடுகிறோம். எல்லாம் அறிந்தபடி துயில்வதுதான் அறிதுயில். அது பாற்கடலில் பள்ளிகொண்டவருக்குப் பொருந்தும், பெட்டிக்குள் கிடப்பவருக்குப் பொருந்தாது. முதலாவதைக் குளிர்துயில் என்றும் இரண்டாவதை உறைதுயில் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

குளிர்துயிலில் பசி நிற்காது. கரடியைப் போல வளர்சிதை மாற்றம் கால்பங்காகக் குறைந்தாலும் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 425 கலோரி அளவில் வேண்டும். உடற்கொழுப்பிலிருந்தே எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கிலோ கரையும். எனவே குழாய் வழி உணவு, கழிவகற்றல் எல்லாம் கப்பலில் இருந்தாக வேண்டும். ஆர்க்டிக் தரை அணிலின் உடல் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குகிறது. ஆனால் அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 36 டிகிரிக்குத் திரும்பி, சில மணி நேரம் கழித்து மறுபடி குளிர்கிறது. குளிர்கால ஆற்றலில் பெரும்பகுதி இந்த விழிப்புகளுக்கே போகிறது. மாதம் ஓரிரு முறை விழித்தே ஆக வேண்டிய மாலுமிகள்! இவ்வளவு நல்ல கதைக்கருவை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இனி உறைதுயில். செல்லுக்கு வெளியே உள்ள நீர்தான் முதலில் ஐஸ் ஆகிறது. மீதி நீரில் உப்பு அடர்ந்துபோக, செல்லுக்குள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு செல் சுருங்குகிறது. வேகமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே படிகம் உண்டாகிச் சவ்வைக் குலைக்கிறது. வட அமெரிக்கக் காட்டுத் தவளை (wood frog) உறைந்தும் பிழைக்கிறதே என்று கேட்கலாம். அதன் உடல்நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை உறைகிறது என்பது சரிதான். ஆனால் அந்த ஐஸ் செல்லுக்கு வெளியே மட்டும்தான், அதுவும் மைனஸ் இருபதைத் தொடாத குளிரில்தான்.

ஆய்வகங்கள் இதற்குக் கண்டிருக்கும் வழி, நீரை ஐஸ் ஆகவே விடாமல் கண்ணாடி போல இறுக வைப்பது. இரத்தத்தை வெளியேற்றி, ஐஸ் கட்டாமல் தடுக்கும் காப்புத் திரவத்தை இரத்தக்குழாய் வழியே படிப்படியாக அடர்த்தி கூட்டிச் செலுத்த வேண்டும். ஒரேயடியாகச் செலுத்தினால் அதன் நச்சே கொன்றுவிடும். மைனஸ் 120 டிகிரி அளவில் திரவம் கண்ணாடியாகிறது. அதற்கும் கீழே உடல் எங்கும் சீராகக் குளிராவிட்டால் உறுப்பில் விரிசல் விழும்.

உருக்கும்போதுதான் கண்டம். குளிர்விக்கும்போது தோன்றிய நுண்ணிய படிகக் கருக்கள், வெப்பம் ஏறும் வழியில் சட்டென்று வளர்கின்றன. அதனால் ஏறும் வேகம் இறங்கும் வேகத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். விஎஸ்55 என்ற காப்புத் திரவக் கலவைக்கு இறங்கும்போது நிமிடத்துக்கு 2.5 டிகிரி போதும். ஏறும்போது 50 டிகிரி வேண்டும். வெளியிலிருந்து சூடேற்றினால் தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தோல் வெந்துவிடும், நடுவில் ஐஸ் கட்டும். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிச் சிறுநீரகத்தில் இரும்பு ஆக்சைடு நானோத் துகள்களைச் செலுத்தி, காந்தப்புலத்தால் உள்ளிருந்தே சூடேற்றி, 100 நாள் வரை சேமித்ததை மீண்டும் பொருத்தி இயங்க வைத்தார்கள். அந்த உறுப்பு ஒரு கிராம் சொச்சம். கதாநாயகர் 70 கிலோ. உருகிய பிறகும் காப்புத் திரவத்தைப் படிப்படியாகத்தான் கழுவி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் செல்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். எழுப்பும் காட்சி ஒரு அறுவை அரங்கில் பல மணி நேரம் நடக்க வேண்டிய காட்சி.

கதைகளில் கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கதிரியக்கச் சிதைவுகள் நடக்கின்றன. உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் சீவர்ட் கணக்கில் இது ஆண்டுக்கு 0.17 மில்லிசீவர்ட். விழித்திருக்கும் உடல் அந்தச் சேதத்தை அன்றன்றே செப்பனிட்டுக்கொள்ளும், உறைந்த உடலால் முடியாது. நூறாண்டுக் கதைக்கு இது பொருட்டில்லை. பத்தாயிரம் ஆண்டு என்றால் 1.7 சீவர்ட் சேர்ந்துவிடும். பெட்டிச் சுவரை எவ்வளவு தடிமனான ஈயத்தால் கட்டினாலும் இந்தப் பொட்டாசியம் பயணிக்குள்ளேயே அல்லவா இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்