ஓட்டைத் தட்டும் நண்டு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், வீட்டில் அனைவரும் நலம்தானே? உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், தவறுதான். ஆனால் போன வாரம் கண்ட ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடல் வற்றிய நேரம், பாறைக்குழி ஒன்றின் அருகே குந்தியிருந்தேன். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்று மற்றொன்றின் ஓட்டைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, தன் ஓட்டால் அதன்மேல் தட்டத் தொடங்கியது. ஐந்தாறு தட்டு, சற்று ஓய்வு, மீண்டும் தட்டு. உள்ளே ஒடுங்கிய நண்டோ வாசலை இடுக்கியால் அடைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. நெடுநேரம் கழித்து அது பிடியைத் தளர்த்தி, மென்மையான வளைந்த வயிறு தெரிய வெளியே வந்தபோது எனக்கு மனம் பதைத்துவிட்டது. வென்றது அந்த ஓட்டுக்குள் இடுக்கியை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு நொடியில் அதற்குள் புகுந்துகொண்டது. தோற்றதோ அம்மணமாகக் காத்திருந்து, அது விட்டுச் சென்ற பழைய ஓட்டுக்குள் நுழைந்தது.

'துறவிக்கு ஏது சண்டை' என்று நீ கேலி செய்வாய், தெரியும். இந்தச் சண்டையில் தட்டுதான் ஆயுதம். ராபர்ட் எல்வுட், மார்க் பிரிஃபா ஆகிய ஆய்வாளர்கள் 'பாகுரஸ் பெர்ன்ஹார்டஸ்' என்னும் துறவி நண்டு இனத்தை ஆராய்ந்து, வலுவாகவும் இடைவெளி குறைவாகவும் தட்டும் நண்டே பெரும்பாலும் வெல்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஓடிக் களைத்த நம் தசையில் சேரும் அதே லாக்டிக் அமிலம் தட்டும் நண்டின் உடலிலும் சேர்கிறது. அதைத் தாங்க முடியாதது பாதியில் விலகிவிடுகிறது. ஆக, உள்ளே இருப்பது அந்தத் தட்டுகளைக் கொண்டே எதிரியின் தெம்பை எடைபோடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இத்தனை பாடும் எதற்கு? துறவி நண்டுகளால் தமக்கென ஓடு ஒன்றை உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறந்த கடல் நத்தைகள் விட்டுச் சென்றவைதான் கதி. உடல் வளர வளரப் பெரிய ஓடு வேண்டும், இறுக்கமான ஓட்டில் வளர்ச்சியே குன்றிவிடும். கரையில் வாழும் இனங்களில், ஒரு நல்ல ஓடு காலியாகக் கிடைத்தால் அளவு வாரியாக வரிசையில் நின்று, பெரியது மாறியதும் அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது என்று ஒவ்வொன்றாக மாறிக்கொள்வதும் உண்டு. ஒரே ஓட்டால் அத்தனை நண்டுகளுக்கும் வீடு!

இதை எழுதும்போது உன் கூடத்தில் இருக்கும் கண்ணாடி ஜாடிதான் நினைவில் நிற்கிறது. கடலுக்குப் போகும்போதெல்லாம் நீ கை நிறைய நத்தை ஓடுகளை அள்ளி வருவாயே, அவற்றில் எத்தனை ஓட்டுக்கு எத்தனை நண்டுகள் காத்திருந்தனவோ! அடுத்த முறை நாம் சேர்ந்து போகும்போது அந்த ஜாடியை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்