வெப்பக் கவசம்: டிகிரி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

விண்கலம் பூமி திரும்பும்போதெல்லாம் நாளிதழ்களில் தவறாமல் வரும் வரி, 'காற்றுடன் உராய்வதால் 2,700 டிகிரி வரை வெப்பம் உண்டாகும்' என்பது. இதில் உராய்வின் பங்கு சொற்பம். விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வரும் கலத்துக்கு முன்னால் உள்ள காற்று விலகிப்போக அவகாசமில்லாமல் நசுங்கி, அதிர்ச்சி அலையாகத் திரண்டு கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அந்த ரகம். கலத்தின் முகம் மழுங்கலாக இருந்தால் அந்த அலை சற்றுத் தள்ளியே நிற்கும்; வெப்பத்தின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும்.

பொறியாளர்கள் முதலில் கேட்பது டிகிரியை அல்ல. ஒரு சதுர செ.மீ. பரப்பில் விநாடிக்கு எவ்வளவு வெப்பம் இறங்குகிறது, எவ்வளவு நேரம் இறங்குகிறது? தோராய விடையைக் கைக்கணக்காகவே போடலாம். வேகத்தின் மும்மடிக்கும் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்துக்கும் ஏற்ப அது கூடும். முகப்பு வளைவின் ஆரம் நான்கு மடங்கானால் பாதியாகும். நிலவிலிருந்து 11 கி.மீ. வேகத்தில் வரும் கலம், பூமியைத் தாழ்வாகச் சுற்றிவிட்டு 7.8 கி.மீ. வேகத்தில் வருவதைவிட அதே அடர்த்தியில் சுமார் 2.8 மடங்கு சூடு வாங்கும். இதில் கதிர்வீச்சு சேரவில்லை. அந்த வேகத்தில் காற்றே ஒளிர்ந்து கவசத்தைச் சுடும்; அதற்கு அகன்ற முகப்புதான் பாதகம்.

கணக்கு பொய்த்ததும் உண்டு. 1995 டிசம்பர் 7-ல் விநாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் வியாழனுக்குள் பாய்ந்த கலிலியோ ஆய்கலத்தின் கவசம், மூக்கில் கணித்ததைவிடக் குறைவாகவும் ஓரத்தில் அதிகமாகவும் தேய்ந்தது. மூக்கில் மிஞ்சியதை ஓரத்துக்குக் கடன் கொடுக்கவா முடியும்?

நிலவுப் பயணத்துக்கான நாசாவின் ஓரியன் கலத்தின் விவகாரம் இன்னும் நுட்பமானது. 2022 டிசம்பர் 11-ல் ஆளில்லாமல் திரும்பிய அந்தக் கலத்தின் 5 மீட்டர் அகலக் கவசத்தில், சூட்டில் மேற்புறம் கரியாகித் தேய்ந்து உள்ளிருப்பதைக் காக்கும் 'அவ்கோட்' என்ற பொருளின் கட்டிகள் 186. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி பெயர்ந்து போயிருந்தது. காற்று மண்டலத்தைத் தொட்டு, மேலெழும்பி, மறுபடி இறங்கும் பாதை அது. இரண்டு இறக்கங்களுக்கும் நடுவே வெளிச்சூடு தணிந்தது. ஆனால் உள்ளே ஊறிய சூடு பொருளைச் சிதைத்து வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. வாயு கசிந்து வெளியேறும் அளவுக்குக் கரி துளைவிட்டிருக்கவில்லை. விசில் அடைத்த குக்கர் போல அழுத்தம் ஏறி, கவசம் வெடிப்புவிட்டது. தரையில் ஆர்க் ஜெட் (மின்பொறியால் சூடேற்றிய வாயுவைப் பொருள்மேல் பாய்ச்சும்) சோதனைகள் நிஜத்தைவிடக் கூடுதல் சூட்டில் நடந்தன. அங்கே கரி நன்றாகத் துளைவிட்டு வாயுவை வெளியேற்றிவிட்டது. அதிகச் சூட்டில் தேறிய பொருள் மிதமான சூட்டில் சறுக்கியது. நாசா இதை 2024 டிசம்பரில் விளக்கியது. அத்தனைக்கும் கேபினுக்குள் வெப்பம் 24 டிகிரி அளவில்தான் இருந்தது.

எனவே அடுத்த செய்தியில் உச்ச டிகிரியோடு, கலம் எத்தனை நிமிடம் சூட்டில் இருந்தது, நேராக இறங்கியதா, எழும்பி இறங்கியதா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 'உராய்வு' என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

- வெப்பவியல் பொறியாளர்கள் சிலர், நாகர்கோவில்