தெருவில் நின்று சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்து விதி எழுதுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல அலுவலர்களுக்கும், தெரு வியாபார இடங்களை முடிவுசெய்யும் நகர விற்பனைக் குழு உறுப்பினர்களுக்கும் வடசென்னைக் குடியிருப்போர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

கொரோனா காலத்து உணவக விதிகளில் திரும்பத் திரும்ப வந்த வரி, "50 சதவீத இருக்கைகளுடன் அனுமதி" என்பது. மேசை நாற்காலி போட்ட ஹோட்டலை மனதில் வைத்து எழுதிய வரி அது. கையேந்தி பவனில் இருக்கையே கிடையாது. தட்டைக் கையில் வாங்கி நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிற இடத்தில் இந்த விதியை எப்படிப் பொருத்துவது என்று வண்டிக்காரருக்கும் தெரியவில்லை, ரோந்து வந்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரியாததால் மூடச் சொன்னார்கள். அடுத்த தொற்று வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்து எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

வடசென்னையில் பல வீடுகளுக்கு ஒரே அறைதான். பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய், ஐந்தாறு பேருக்கு ஒரு ஜன்னல். ஒண்டுக்குடித்தனத்தில் "வீட்டிலேயே சாப்பிடுங்கள்" என்றால் காற்றில்லாத அறையில் எல்லோரும் நெருங்கி உட்கார வேண்டும். இங்கே தெருதான் கூடம்.

காற்றைப் பற்றி இப்போது நன்றாகவே தெரியும். இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் ஆறடிக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். 2020 ஜனவரியில் சீனத்துக் குவாங்சௌ நகர உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஜன்னல் இல்லாத கூடம், ஏசி காற்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. நம் ஊர் விதியும் ஏசியை இயக்கக் கூடாது என்றது. ஆனால் ஏசிக்கென்று கட்டிய கூடத்துக்கு ஜன்னல் வைப்பதில்லை. ஏசியை அணைத்தால் புழுக்கம்தான் கூடும், வெளிக்காற்று வராது. நெற்றியில் வெப்பமானி வைப்பதைவிட, கூடத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மானி வைப்பது பயன்தரும். பலர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் நிற்கும். கூடத்தில் 800-ஐத் தாண்டினால் கதவைத் திறக்க வேண்டும், ஆளைக் குறைக்க வேண்டும். தெருவில் இந்த மானியே தேவையில்லை.

நேரத்தைக் குறைத்ததுதான் பெரிய தவறு. ஒரு வண்டியில் ஒரு மாலைக்கு 200 பேர் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி முதல் பதினொன்று வரை கடை இருந்தால் மணிக்கு 40 பேர். ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் ஒரே சமயத்தில் 10 பேர் நிற்பார்கள். எட்டு மணிக்கே மூடச் சொன்னால் அதே 200 பேர் இரண்டு மணி நேரத்தில் வந்தாக வேண்டும். அப்போது ஒரே சமயத்தில் 25 பேர். பசியைச் சட்டம் குறைக்காது, நெரிசலைத்தான் கூட்டும். பார்சல் மட்டும் என்றபோதும் இதேதான் நடந்தது. சாப்பிடுகிறவர்கள் நாலாபக்கமும் பரந்து நிற்பார்கள். பார்சலுக்கு வந்தவர்களோ கல்லாப்பெட்டி முன்னால் ஒரே முடிச்சாக நிற்பார்கள், டெலிவரி பையன்களும் அவர்களோடு சேர்ந்து.

கடைசி நேர அறிவிப்பும் அப்படியே. 2020 ஏப்ரல் 26 முதல் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி கடைத்தெருக்களில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். தளர்வுகளற்ற ஊரடங்கு தொடங்கிய 2021 மே 24-க்கு முந்தைய இரண்டு நாட்களிலும் அதே காட்சி.

இனி, சாப்பாட்டு வண்டிகளுக்குத் தெருவில் எங்கே எப்படி இடம் ஒதுக்கலாம் என்பது. எல்லாத் தெருவும் இதற்கு ஒத்துவராது. ஸ்டான்லி மருத்துவமனை இருக்கும் பழைய சிறைச்சாலை சாலையிலும், ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைப் பக்கத்திலும் ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போக வேண்டும். அங்கே ஒரு வண்டிகூட வேண்டாம். தங்கசாலைத் தெருவில் பகலில் சரக்கு இறக்குவதால் இரவில் மட்டுமே முடியும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் தீபாவளி, பொங்கல் வாரங்களில் துணிக்கடைக் கூட்டமே தாங்காது, அந்த வாரங்களில் நிறுத்திவைக்கலாம். தொடங்குவதற்குச் சரியான இடம் பர்மா பஜாருக்குப் பின்னால் இருக்கும் செகண்ட் லைன் பீச். மாலையில் அலுவலகங்கள் மூடிவிடும், குடித்தனம் குறைவு, பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிகள் ஏற்கெனவே அங்கே உண்டு, கடற்காற்றும் பக்கத்திலேயே.

கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். ஆகவே அடுப்பு மேற்கே, சாப்பிடுகிறவர்கள் கிழக்கே. புகையும் அவர்கள் மேல் வராது. வண்டிக்கு வண்டி பத்தடி இடைவெளி, சாலை நடுவே தீயணைப்பு வண்டி போக 12 அடி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் விட்டு மஞ்சள் கோடு போட்டுத் தாருங்கள். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் கட்டாமல் முடியாது. ஆனால் இரண்டு பக்கத்துக்கு மேல் மூடினால் அது மறுபடியும் அறைதான். தண்ணீர் தேங்கிக் குளம்போல் தொங்காதபடி சரிவாகக் கட்ட வேண்டும். மழைநீர் வடிகால் மூடிகளின் மேல் வண்டி நிற்கவே கூடாது.

தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கை கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் வண்டிக்கு 200 லிட்டர். இரண்டு வண்டிக்கு ஒரு 500 லிட்டர் தொட்டியைக் குடிநீர் வாரிய லாரி மதியமே நிரப்பிவிட்டுப் போகட்டும். தட்டுக்கு மூன்று வாளி: ஒன்றில் சோப்பு, அடுத்ததில் நல்ல தண்ணீர், கடைசியில் 10 லிட்டருக்கு 2 கிராம் பிளீச்சிங் பவுடர். அதில் இரண்டு நிமிடமாவது தட்டு மூழ்கிக் கிடக்க வேண்டும். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். சோற்றுப் பருக்கை விழுந்து தண்ணீர் கலங்கினாலும் வேலை செய்யாது, மாற்றியாக வேண்டும். கொரோனா காலத்தில் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்தார்கள். அப்படித் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொன்னது. அந்தப் பவுடர் இந்த மூன்றாவது வாளிக்குப் போயிருக்க வேண்டும்.

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பது வேண்டாம், 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ள பொருள் அது. வாழை இலைத் துண்டு போதும். எச்சில் தண்ணீரை வலையில் வடிகட்டிக் கழிவுநீர்க் குழியில்தான் ஊற்ற வேண்டும். வடிகாலில் ஊற்றினால் எண்ணெய் உறைந்து அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் அதன் பலனை அனுபவிக்கும்.

அத்தோவுக்குத் தனிக் கவனம் தேவை. கொத்து பரோட்டா சூடான கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது. அத்தோவில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் ஆறிய பிறகு கையால் பிசைவது. கையுறை போட்டால் சுத்தம் என்பது தவறான எண்ணம். ஈரத்தில் அது கிழியும், அதே உறையோடு காசும் வாங்குவார்கள். பிசைகிறவர் ஒருவர், காசு வாங்குகிறவர் வேறொருவர் என்று இருந்தால் கையுறையே தேவைப்படாது. அடுப்பருகே நிற்பவரின் முகக்கவசம் வியர்வையில் நனைந்துபோகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். அதை மாநகராட்சி கொடுப்பதே நியாயம்.

எங்களுக்குள்ளேயே இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய்யில்லை. வாசலை மறித்து பைக் நிறுத்துகிறார்கள், புகை மாடிவரை வருகிறது, நள்ளிரவுவரை சத்தம். குடித்தனத் தெருக்களில் பதினொன்றுக்கு அடுப்பை அணைக்க வேண்டும், வாசலுக்கு முன் ஐந்தடி விட வேண்டும், பைக்குக்குத் தனி இடம் காட்ட வேண்டும். இவற்றை மீறும் வண்டிக்கு அபராதம் போடுங்கள். ஆனால் ஒரு வண்டி செய்த தவறுக்குத் தெருவையே காலிசெய்யாதீர்கள். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பங்கு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழு கூடும் தேதியை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் நாங்களும் வந்து பேசுவோம்.

முதலில் செகண்ட் லைன் பீச்சில் பத்து வண்டிகளுக்குக் கோடு போட்டு, ஐந்து தொட்டி வைத்து, மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். சித்திரையில் தொடங்கினால் மழைக்கு முன் குறைகள் தெரிந்துவிடும். வடிகாலில் எண்ணெய் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கும் வேலையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைக் குடியிருப்போர்