பலகை வைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் தொல்லியல் இடங்களைப் பற்றி வந்த கட்டுரையில், 'அரசு அறிவிப்பால் அரிட்டாபட்டி மலை காப்பாற்றப்பட்டது' என்று ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அந்த அறிவிப்பு வந்தது 2022 நவம்பரில். எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193 ஹெக்டேரை, பல உயிரினங்கள் வாழும் இடமாகக் காக்க வேண்டிய 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று மாநில அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், அந்த மலையையும் உள்ளே வைத்து 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டு முடித்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கைப்பிள்ளையோடு வந்த பெண்களைப் பார்த்தேன். ஏலம் ரத்தானது அதற்கப்புறம், 23ஆம் தேதிதான். கட்டுரையில் அந்தச் சனங்களுக்கு அரை வரிகூட இல்லையே ஐயா.

கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலையிலும்தான் 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்ற அரசுப் பலகை இருந்தது. சுற்றிலும் கிரானைட் குவாரி வந்ததை அது தடுத்ததா? அந்தப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். வெடி வைக்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும், கரும்பலகை முழுக்கக் கல்தூசி படியும். மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "டீச்சர், அது வெறும் பாறை" என்றார் அங்கிருந்தவர். அந்த வெறும் பாறையில்தான் இரண்டாயிரம் வருடத் தமிழி எழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம், இருக்கிறது. அரிட்டாபட்டியில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பத்தின் மேல் பூசிய வண்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதன்முன் சத்தமில்லாமல் நிற்பார்கள்.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டவோ தோண்டவோ கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த 100 மீட்டர் எந்த வயலில் முடிகிறது என்று ஊரில் யாருக்குத் தெரியும்? எல்லைக்கல் எங்கே? காவலுக்கு ஆள் எங்கே?

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு மலையின் சர்வே எண்ணையும் எல்லையையும் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லித் தங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். அப்படியே, அந்த வரியையும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.