இங்கிலாந்துல உதிக்காத ஒண்ணு

ராசா,

ஞாயித்துக்கெழமை போன்ல நீ அழுகாத குறையா பேசினது இன்னும் என் காதுலயே இருக்கு. மூணு வருசம் ஆச்சும்மா ஆராய்ச்சி பாதி கூட முடியலன்னு சொன்ன பாத்தியா, அப்ப எனக்கு பதில் ஒண்ணும் வரல, சாப்டியான்னு தான் கேட்டேன். அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன்.

நேத்து ராத்திரி பத்து மணி வாக்குல கரண்ட் போச்சு. உள்ள புழுக்கம் தாங்கல, நீ விட்டுட்டு போன பைனாகுலரை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு போய்ட்டேன். தெருவிளக்கும் சேர்ந்து அணைஞ்சதுல தெக்கு பக்கம் நல்ல இருட்டு. தெற்குச் சிலுவைக்கு இடது பக்கம் ரெண்டு பெரிய நட்சத்திரம் நிக்கும்ல, சிலுவைக்கு கிட்ட இருக்கறதுலருந்து மேல ஒரு கோடு போட்டு அடுத்த நட்சத்திரத்தை தாண்டி இன்னும் அதே அளவு போன்னு நீ தான் எனக்கு சொல்லிக் குடுத்த. தண்ணி டேங்க் மேல முழங்கைய ஊனிக்கிட்டு பாத்தேன், ஒமேகா சென்டாரிங்கற அந்த ஒளித்திட்டு அப்படியே இருக்கு. கருப்பு தரையில ஒரு சிட்டிகை கோலமாவு விழுந்து அதை விரலால லேசா தேய்ச்சு விட்டா எப்படி இருக்கும், நடுவுல வெள்ளையா திட்டா, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம, அப்படி.

அதை பாத்ததும் ஹாலி நெனப்பு வந்துடுச்சு. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு ஹாலி வால்நட்சத்திரம் நடத்திருக்கேன், ஆனா அந்த பேருக்கு சொந்தக்கார பையன் எட்மண்ட் ஹாலி இருபது வயசுல என்ன பண்ணான்னு ரிட்டயர் ஆன பிறகு தான் படிச்சேன். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை பாதில விட்டுட்டு, 1676 நவம்பர்ல கிழக்கிந்திய கம்பெனி கப்பல்ல ஏறி செயின்ட் ஹெலெனா தீவுக்கு போயிருக்கான். அட்லாண்டிக் கடல் நடுவுல ஒரு புள்ளி, பின்னாடி நெப்போலியனை கொண்டு போய் வெச்சாங்களே அதே தீவு தான். தெக்கு வானத்து நட்சத்திரத்தை எல்லாம் டெலஸ்கோப் வெச்சு அளந்து பட்டியல் போடணும், அது அதுவரைக்கும் யாரும் செய்யாத வேலை. அவங்க அப்பா லண்டன்ல சோப்பு தொழில் பண்ணவர், வருசத்துக்கு 300 பவுண்டு தரேன் போயிட்டு வாடான்னு அனுப்பிருக்கார். கடிதம் வர மாசக்கணக்கா ஆகுற காலத்துல அந்த மனுசன் எப்படி தூங்கினாரோ. உன்னோட வாட்ஸப் ஒரு நாள் நீல டிக் ஆகலன்னாலே எனக்கு சோறு எறங்காது.

அங்க போனா மேகம். ஒரு வருசம் கழிச்சு, 1677 நவம்பர்ல, ஜோனஸ் மூர்ங்கிற பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதுறான். வாரக்கணக்கா மேகம் நட்சத்திரத்தை மறைச்சிடுது, தெளிஞ்சாலும் கொஞ்ச நேரம் தான், இந்நேரம் ஊருக்கு கெளம்பிருக்கணும் ஆனா நெனச்ச வேலையில பாதிக்கு மேல முடியல, நம்பிக்கையே போயிடும் போல இருக்கு, இன்னும் ரெண்டு மூணு மாசம் முயற்சி பண்றேன்னு. ராசா, நீ சொன்னதையே தான் அவனும் எழுதிருக்கான், வார்த்தை கூட மாறல, படிச்சப்ப எனக்கு பக்குனு ஆச்சு.

கடைசியில 341 நட்சத்திரத்தோட திரும்பி வந்தான், 1679ல பட்டியல் அச்சாச்சு. அதே 1677ல தான் இந்த கோலமாவு திட்டையும் கவனிச்சிருக்கான். அதுவரைக்கும் எல்லாரும் இதை சாதா நட்சத்திரம்னு தான் நெனச்சிருக்காங்க, பழைய கிரேக்க வானியலாளர் டாலமி பட்டியல்ல நட்சத்திரமா தான் இருக்கு, நட்சத்திர வரைபடம் போட்ட ஜெர்மன்காரர் பேயர் 1603ல ஒமேகான்னு எழுத்து குடுத்ததும் நட்சத்திரம்னு நெனச்சு தான். 1716 வாக்குல வானத்துல ஒளித்திட்டு ஆறு இருக்குன்னு ஹாலி எழுதினப்ப அதுல இதையும் சேர்த்து, இது இங்கிலாந்துல உதிக்கவே உதிக்காதுன்னும் எழுதி வெச்சிருக்கார். ஆமா நீ இருக்கற லண்டன்ல இது அடிவானத்துக்கு கீழயே சுத்திட்டு போயிடும்.

அது என்னன்னு ஹாலிக்கு கடைசி வரைக்கும் தெரியல. தெரிய வழியும் இல்ல, அதுல உள்ள நல்ல பிரகாசமான நட்சத்திரமே நம்ம வெறும் கண்ணுக்கு தெரியுற கடைசி நட்சத்திரத்தை விட நூறு மடங்கு மங்கல், அந்த காலத்து சின்ன லென்ஸ் எல்லாத்தையும் கலந்து மாவா தான் காட்டும். 1751லருந்து நன்னம்பிக்கை முனையில உக்காந்து பத்தாயிரம் நட்சத்திரம் கிட்ட அளந்தார் லக்காய்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார், அவர் டெலஸ்கோப் வாய் அரை இஞ்ச் தான், வெறும் கண்ணுக்கு மெல்லிசான பனி வழியா பாக்குற நட்சத்திரம் மாதிரி, டெலஸ்கோப்ல ஓரம் தெளியாத பெரிய வால்நட்சத்திரம் மாதிரி இருக்குன்னு எழுதினார். நான் நேத்து பாத்ததும் அதே தான். 1826ல ஆஸ்திரேலியாவுல டன்லப்னு ஒரு வானியலாளர் பெரிய கண்ணாடி வெச்சு பாத்தப்ப தான் இது நட்சத்திரங்களால ஆன உருண்டைன்னு தெளிவா சொன்னார். ஹாலி பாத்து 149 வருசம். அப்புறம் ஜான் ஹெர்ஷல்னு இங்கிலாந்து வானியலாளர் 1830கள்ல அதே நன்னம்பிக்கை முனைக்கு போய் இந்த வகையில வானத்துலயே பெருசு, செழிப்பானது இது தான்னு எழுதினார். இப்ப கணக்கு ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரம்.

சரி, உனக்கு அங்க இது தெரியாது, ஆனா ஹாலி 1714ல கண்டுபிடிச்ச இன்னொண்ணு இருக்கு, எம் 13னு இதே மாதிரி நட்சத்திர உருண்டை. ஹெர்குலிஸ் நட்சத்திரக் கூட்டத்துல நாலு நட்சத்திரம் கோணல் சதுரமா இருக்கும், அதோட மேற்கு ஓரத்துல மேலருந்து மூணுல ஒரு பங்கு எறங்கினா வரும். இந்த ஜூன் மாசம் நடு ராத்திரில லண்டன்ல கிட்டத்தட்ட தலைக்கு மேல. சின்ன திட்டு தான், நிலா இல்லாம வானம் தெளிவா இருந்தா வெறும் கண்ணுக்கே தெரியும்னு அவரே சொல்லிருக்கார். சனிக்கிழமை லேபுக்கு போகாத. ஃபிரண்டு யாரையாவது கூட்டிக்கிட்டு ஊருக்கு வெளிய லைட் இல்லாத இடமா போ, ஸ்வெட்டர் போட்டுக்கோ, பாத்துட்டு எத்தனை மணி ஆனாலும் போன் பண்ணு. நான் மாடில தான் இருப்பேன்.

அம்மா